முப்பதாம் நாளுக்குள் ஒரு கண் பரிசோதனை: குறைமாதக் குழந்தைகள் பிரிவில் புதிதாகச் சேரும் செவிலியருக்கு

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் புதிதாகப் பணியேற்கும் செவிலியருக்கு முதல் வாரத்தில் சொல்லித்தரப்படுபவை குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் வார்மரின் வெப்பநிலை, பால் அளவுக் கணக்கு, குழந்தை மூச்சை நிறுத்திவிட்டால் அடுத்த நொடியில் செய்ய வேண்டியவை ஆகியவைதான். கண்ணைப் பற்றி அந்த வாரத்தில் எவரும் பேசுவதில்லை. பிழைக்குமா என்ற கேள்வி தொட்டிலருகே நிற்கும்போது பார்வையைப் பற்றிப் பேசுவது அதிகப்படியாகவும் தோன்றும். ஆனால் பிழைத்து வீடு திரும்பும் குறைமாதக் குழந்தைக்குப் பார்வை நிலைக்குமா என்பது, பிறந்த ஒரு மாதத்துக்குள் நாம் ஒரு தேதியைச் சரியாகக் குறித்து, அந்தத் தேதியில் குழந்தையைக் கண் மருத்துவர் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினோமா என்பதைப் பெரிதும் பொறுத்திருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இத்தகைய பிரிவுகளில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில், கண் மருத்துவர் செய்யும் வேலையைச் சுருக்கமாகவும் அதற்கு முன்னும் பின்னும் நாம் செய்ய வேண்டியதை விரிவாகவும் இங்கே எழுதுகிறேன்.

நோயும் நாள் கணக்கும்

வார்டில் நாம் 'ஆர்ஓபி' (ரெட்டினோபதி ஆஃப் பிரிமெச்சூரிட்டி) என்று அழைப்பது, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மட்டுமே வரும் விழித்திரை நோய். கருவில் ஏறத்தாழ 16-ஆவது வாரத்தில், பார்வை நரம்பு விழிக்குள் நுழையும் இடத்திலிருந்து விழித்திரையின் இரத்தக் குழாய்கள் ஓரம் நோக்கி வளரத் தொடங்குகின்றன. மூக்குப் பக்கத்து ஓரத்தை அவை 36-ஆவது வார அளவிலும், காதுப் பக்கத்து ஓரத்தை 40-ஆவது வார அளவிலும்தான் சென்றடைகின்றன. ஆகவே 30-ஆவது வாரத்தில் பிறந்த குழந்தையின் விழித்திரையில் ஓரப் பகுதி முழுவதும் வாய்க்கால் வெட்டப்படாத நிலம் போலக் கிடக்கிறது. பிறந்த பிறகு அளவுக்கு மீறிக் கிடைக்கும் ஆக்சிஜன் அந்த வாய்க்கால் வேலையை நிறுத்திவிடுகிறது. சில வாரங்கள் கழித்து விழித்திரை வளர்ந்து அதன் பசி கூடும்போது, இரத்தம் எட்டாத பகுதி 'விஇஜிஎஃப்' என்னும் வளர்ச்சிக் காரணியை மிகுதியாகச் சுரக்கிறது. அதனால் முளைக்கும் புதிய குழாய்கள் வலுவற்றவை. தாறுமாறாகப் பரவி, கசிந்து, தழும்பாகி, முடிவில் விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும்.

இந்த விளக்கத்திலிருந்து நமக்கு வேண்டிய செய்தி ஒன்றுதான். பிறந்த வாரத்தில் கண்ணைப் பார்த்துப் பயனில்லை, ஏனெனில் அப்போது நோய் தொடங்கியிருக்காது. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தாலும் பயனில்லாமல் போகலாம், ஏனெனில் அதற்குள் முடிந்துவிட்டிருக்கக்கூடும். இடையில் உள்ள சில வாரங்கள்தான் நமக்குரியவை. அந்த வாரங்களில்தான் குழந்தை நன்றாகப் பால் குடித்து, எடை ஏறி, டிஸ்சார்ஜ் ஆகி வீட்டில் இருக்கும். நோய் முற்றும் காலமும் குழந்தை நம் கையைவிட்டுப் போகும் காலமும் ஒன்றாக வந்து சேர்வதுதான் இந்த வேலையின் முழுச் சிக்கலும்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. கண் சிவக்காது, நீர் வடியாது, பீளை கட்டாது. டார்ச் அடித்துப் பார்த்து "கண் நன்றாக இருக்கிறது" என்று நாமோ, பயிற்சி மருத்துவரோ, குழந்தையைப் பார்க்க வந்த உறவினரோ சொல்வதற்கு மதிப்பே இல்லை. கண் பாவைக்குள் வெள்ளையாகத் தெரியத் தொடங்கிவிட்டதென்றால், பெரும்பாலும் ஐந்தாம் நிலை வந்து விழித்திரை முழுவதும் பிரிந்துவிட்டது என்று பொருள்.

இது புதிதாகக் கண்டறியப்பட்ட நோயும் அல்ல. பாஸ்டன் நகரத்துக் கண் மருத்துவர் தியோடர் டெரி 1942-இல் இதைப் பற்றி எழுதினார். கட்டுப்பாடற்ற ஆக்சிஜன்தான் முக்கியக் காரணம் என்பது 1950-களிலேயே ஆய்வுகளால் தெளிவாயிற்று. நம் மாநிலத்தில் 1996-இல் குறைமாதமாகப் பிறந்து, கண் பரிசோதனை பற்றி எதுவும் சொல்லப்படாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டு, இரு கண்களிலும் பார்வை இழந்த ஒரு பெண்ணுக்கு, 2015-இல் உச்ச நீதிமன்றம் ஒன்றரைக் கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பை நான் புதியவர்களிடம் சொல்வது பயமுறுத்துவதற்காக அல்ல. குடும்பத்திடம் சொல்லாமல் விடுவதும் சிகிச்சைக் குறைபாடே என்று நீதிமன்றம் கருதியதைத் தெரிந்துகொள்ளத்தான்.

பட்டியலில் யாரைச் சேர்ப்பது

ஆர்பிஎஸ்கே என்னும் தேசியச் சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தின் வழிகாட்டுதல்படி, பிறந்த எடை 2,000 கிராமுக்குக் குறைவாக இருந்தாலோ, அல்லது 34 வாரத்துக்கு முன் பிறந்திருந்தாலோ அந்தக் குழந்தைக்குக் கண் பரிசோதனை கட்டாயம். 34 முதல் 36 வாரங்களுக்குள் பிறந்த குழந்தையாக இருந்தாலும், மூச்சுத்திணறல், நீண்ட நேர ஆக்சிஜன், கிருமித் தொற்று, இரத்தம் ஏற்றுதல், அடிக்கடி மூச்சு நிற்றல், எடை ஏறாமை போன்ற சிக்கல்களோடு நாட்களைக் கடந்திருந்தால் அதையும் சேர்க்க வேண்டும்.

'அல்லது' என்ற சொல்லைக் கவனியுங்கள். புதியவர்கள் எடையை மட்டும் பார்த்து, 2,100 கிராம் இருக்கும் 33 வாரக் குழந்தையை விட்டுவிடுகிறார்கள். எடை வரம்புக்குள் இல்லாவிட்டாலும் வாரக் கணக்கில் அது உள்ளே வந்துவிடுகிறது. அமெரிக்கப் பாடநூலைப் படித்துவிட்டு வருபவர்கள் 1,500 கிராம், 30 வாரம் என்ற வரம்பைச் சொல்வார்கள். அது அங்குள்ள குழந்தைகளுக்குரியது. நம் நாட்டில் அதைவிட எடை கூடிய, வாரம் கூடிய குழந்தைகளுக்கும் கடுமையான ஆர்ஓபி வருகிறது. ஆகையால் அந்த வரம்பை இங்கே பின்பற்றினால் பார்வை இழக்கப்போகும் குழந்தைகள் நம் கண்ணெதிரிலேயே பட்டியலிலிருந்து விடுபட்டுவிடும்.

வாரக் கணக்கை எங்கிருந்து எடுப்பது என்பது நம் பக்கத்தில் எளிதான கேள்வி அல்ல. கடைசி மாதவிலக்குத் தேதியைக் கேட்டால் "பொங்கல் முடிஞ்சு ஒரு வாரம் இருக்கும்" என்ற விடைதான் பல தாய்மாரிடமிருந்து வரும். சித்தேரி மலையிலிருந்தோ வத்தல்மலையிலிருந்தோ வருபவர்களிடம் அதுவும் கிடைக்காமல் போகலாம். அப்போது முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் அறிக்கை இருக்கிறதா என்று பாருங்கள். மிகவும் நம்பத்தக்கது அதுதான். அதுவும் இல்லையென்றால் குழந்தை மருத்துவர் உடல் அடையாளங்களை வைத்துக் கணிக்கும் வாரத்தை எழுதுங்கள். ஐயம் இருந்தால் குழந்தையைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். தேவையில்லாமல் ஒரு முறை பார்த்துவிட்டால் குழந்தை சற்று நேரம் அழும், அவ்வளவுதான்.

இரட்டைக் குழந்தைகளில் ஒன்று 1,700 கிராம், மற்றொன்று 2,050 கிராம் என்றால் இரண்டையுமே சேர்க்க வேண்டும். இரண்டும் ஒரே வாரத்தில் பிறந்தவை. எடை கூடியதை வீட்டில் பாட்டியிடம் விட்டுவிட்டு மெலிந்ததை மட்டும் தூக்கிக்கொண்டு வருவது இங்கே வழக்கமாக நடக்கிறது. சீட்டு எழுதும்போதே இரண்டு பெயருக்கும் இரண்டு சீட்டு எழுதுவது அதைத் தடுக்க நான் கண்ட வழி.

தேதி குறித்தல்

முதல் பரிசோதனை, பிறந்த நாளிலிருந்து நான்கு வாரத்துக்குள், எப்படிப் பார்த்தாலும் 30-ஆம் நாளைத் தாண்டாமல் நடந்துவிட வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தவை அல்லது 1,200 கிராமுக்குக் குறைந்தவை என்றால் இரண்டிலிருந்து மூன்று வாரத்துக்குள். இந்த மிகச் சிறிய குழந்தைகளுக்கு வரும் ஒரு வகை ஆர்ஓபி, படிப்படியாக ஏறாமல் சில நாட்களிலேயே பாய்ந்து முற்றிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கையால் கணக்கிட்டுப் பார்ப்போம். ஜூன் 3-ஆம் தேதி, 31-ஆவது வாரத்தில், 1,450 கிராம் எடையில் ஒரு குழந்தை பிறந்தது. ஜூலை 1-ஆம் தேதியோடு நான்கு வாரம் நிறைகிறது. உங்கள் மருத்துவமனைக்குக் கண் மருத்துவர் வெள்ளிக்கிழமை தோறும் வருகிறார் என்றும், வரும் வெள்ளிக்கிழமைகள் ஜூன் 27, ஜூலை 4 என்றும் வைத்துக்கொள்வோம். நீங்கள் எழுத வேண்டிய தேதி ஜூன் 27. "மூன்று நாள்தானே கூடுதல்" என்று ஜூலை 4-ஐ எழுதிவிடாதீர்கள். அன்று மருத்துவர் விடுப்பில் இருந்தால் அடுத்த வெள்ளி ஜூலை 11 ஆகிவிடும், குழந்தைக்கு 38 நாள் ஆகிவிடும். அதே ஜூன் 3-இல் 27 வாரத்தில் 980 கிராமோடு பிறந்த குழந்தைக்கு உரிய காலம் ஜூன் 17-க்கும் 24-க்கும் இடையில். எனவே ஜூன் 20.

கண் மருத்துவர் குறிப்பில் 'பிஎம்ஏ' என்று ஒரு வாரக் கணக்கு இருக்கும். கருவில் இருந்த வாரங்களோடு பிறந்த பின் கடந்த வாரங்களைக் கூட்டியதுதான் அது. மேற்சொன்ன 31 வாரக் குழந்தைக்கு ஜூன் 27 அன்று பிறந்து மூன்று வாரம் மூன்று நாள். ஆகவே பிஎம்ஏ 34 வாரம் மூன்று நாள். இந்தக் கணக்கை நாமே போட்டு முன்கூட்டி எழுதி வைத்தால் மருத்துவருக்கு நேரம் மிஞ்சும்.

தேதியை எப்போது எழுதுவது என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன். அட்மிஷன் அன்றே எழுத வேண்டும். குழந்தை பிழைக்குமா என்று தெரியாத நிலையிலும், கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலும் தொட்டில் அட்டையிலும் சிவப்பு மையில் அந்தத் தேதி இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று எழுதலாம் என்று தள்ளிப்போட்டால், அந்த நாளின் அவசரத்தில் முதலில் விடுபடுவது அதுவாகத்தான் இருக்கும்.

ஆக்சிஜன் பற்றி ஒரு வார்த்தை. அது மருந்து, அளவு பார்த்தே கொடுக்க வேண்டும். ஆக்சிஜனில் இருக்கும் குறைமாதக் குழந்தைக்கு, இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரில் 91 முதல் 95 வரை இருந்தால் போதும். திரையில் 99, 100 என்று நின்றால் புதியவர்களுக்கு நிம்மதியாக இருக்கிறது, எனக்கு அந்த எண்களைப் பார்த்தால் கண்தான் நினைவுக்கு வரும். அலாரத்தின் மேல் எல்லையை அணைத்து வைக்காதீர்கள். ஆக்சிஜன் தேவைப்படாத நிலைக்குக் குழந்தை வந்ததும் மருத்துவரிடம் சொல்லிக் குறைக்கத் தொடங்குங்கள். தாய்ப்பாலும் கங்காரு முறைப் பராமரிப்பும் எடை ஏற்றமும் இந்தக் கணக்கில் நமக்குத் துணை.

பரிசோதனை நாள்

அன்று காலையிலேயே தாயிடம் என்ன நடக்கப்போகிறது என்று சொல்லிவிடுங்கள். குழந்தை அழும், கண் சிறிது சிவக்கும், இமை கொஞ்சம் வீங்கலாம், மறுநாளுக்குள் சரியாகிவிடும் என்ற நான்கு செய்திகள் போதும். சொல்லாமல் செய்தால், சிவந்த கண்ணைப் பார்த்த குடும்பம் அடுத்த முறை வராது.

பரிசோதனைக்கு ஒரு மணி நேரம் முன்பே பால் கொடுத்து முடித்துவிட வேண்டும். வயிறு நிறைந்திருந்தால் வாந்தி எடுத்துப் புரையேறும். கண் பாவையை விரிப்பதற்கு டிராபிகமைடு 0.5 விழுக்காடும் ஃபினைலெஃப்ரின் 2.5 விழுக்காடும் கலந்த சொட்டு மருந்து பயன்படுத்தப்படுகிறது. கடையில் பெரியவர்களுக்கு விற்கும் குப்பியில் இதைவிட அடர்த்தி கூடுதலாக இருக்கும். அதை அப்படியே விடக் கூடாது. நீர்த்த மருந்து என்று உறுதிசெய்துகொண்ட பிறகே குப்பியைத் திறக்க வேண்டும். அட்ரோபின் சொட்டு குறைமாதக் குழந்தைக்கு ஆகாது.

முதல் சொட்டு பரிசோதனைக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னால் விழ வேண்டும். பிறகு பத்துப் பதினைந்து நிமிட இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று முறை. கீழ் இமையை மெல்லக் கீழே இழுத்து ஒரே ஒரு சொட்டு விடுங்கள். வழிந்து கன்னத்தில் இறங்குவதை உடனே சுத்தமான பஞ்சால் ஒற்றி எடுங்கள். பின் மூக்கோரத்துக் கண் மூலையில் விரல் நுனியைச் சில நொடிகள் அழுத்தி வையுங்கள். வழியும் மருந்து தோல் வழியாகவும், கண் மூலைத் துளை வழியாக மூக்குக்குள் இறங்கியும் உடலில் சேர்கிறது. ஒன்றரைக் கிலோக் குழந்தைக்கு அந்த ஒரு துளியே இரத்த அழுத்தத்தை ஏற்றவும், வயிற்றை உப்பச் செய்து பால் ஒத்துக்கொள்ளாமல் ஆக்கவும் போதுமானது. இந்த ஒற்றி எடுக்கும் வேலையைத்தான் புதியவர்கள் அலட்சியமாகச் செய்கிறார்கள்.

மூன்று முறை விட்டும் பாவை விரியவில்லையென்றால் நான்காவது, ஐந்தாவது என்று விட்டுக்கொண்டே போகாதீர்கள். நோய் கடுமையாக இருக்கும் கண்ணில் பாவை விரிய மறுக்கும். விரியாத பாவையே ஓர் எச்சரிக்கை என்பதால், அதை உடனே கண் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மருத்துவர் வந்ததும் குழந்தையைத் துணியில் இறுகச் சுற்றி, தலையை இரு கையாலும் அசையாமல் பிடிப்பது நம் வேலை. மரத்துப்போகச் செய்யும் சொட்டு போட்ட பின் குழந்தைகளுக்கான சிறிய ஸ்பெகுலத்தால் இமை விரிக்கப்படும். தலையில் மாட்டிய விளக்கோடு, கையில் லென்ஸ் வைத்து மருத்துவர் உள்ளே பார்ப்பார். விழியை லேசாக அழுத்தித் திருப்பும்போது குழந்தை அலறும். ஒரு துளி சர்க்கரைக் கரைசலோ பீய்ச்சிய தாய்ப்பாலோ நாக்கில் வைத்தால் வலி சற்றுக் குறைகிறது. பல்ஸ் ஆக்சிமீட்டர் கால் விரலில் மாட்டியே இருக்கட்டும், கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் அம்பு பையும் உறிஞ்சு குழாயும் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். விழியை அழுத்தும்போது இதயத் துடிப்பு சட்டென்று இறங்குவதுண்டு, மூச்சு நிற்பதுமுண்டு. எண் இறங்கினால் மருத்துவரிடம் "சார், கொஞ்சம் நிறுத்துங்கள்" என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டு, கடமையும் உண்டு. ஒரு குழந்தைக்குப் பயன்படுத்திய ஸ்பெகுலத்தைக் கிருமிநீக்கம் செய்யாமல் அடுத்த குழந்தைக்கு எடுக்கக் கூடாது. பட்டியலில் இருக்கும் குழந்தைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கருவிகளை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். பரிசோதனைக்குப் பின் ஒரு நாள் முழுவதும் மூச்சையும் வயிற்றையும் கவனிக்க வேண்டும்.

சில மையங்களில் அகன்ற கோணக் கேமராவால் விழித்திரையைப் படம் எடுத்து, தொலைவிலிருக்கும் நிபுணருக்கு அனுப்புகிறார்கள். ஓசூருக்கு அப்பால், பெங்களூருவின் நாராயண நேத்ராலயா 2008-இல் தொடங்கிய கிட்ராப் திட்டம், பயிற்சி பெற்ற தொழில்நுட்பப் பணியாளர்களைக் கேமராவோடு கர்நாடகத்தின் சிறு ஊர்களுக்கு அனுப்பி இதை நடத்திக் காட்டியது. படம் எடுத்தாலும் சொட்டு மருந்து, பிடிப்பது, தேதி ஆகிய மூன்றும் நம்மிடமேதான்.

குறிப்பைப் படித்தல்

மருத்துவர் எழுதும் குறிப்பில் மூன்று செய்திகள் இருக்கும். மண்டலம் என்பது குழாய்கள் எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கின்றன என்பது. முதல் மண்டலம் விழியின் நடுவைச் சுற்றியது, மூன்றாவது ஓரத்துக்கு அருகில். எண் குறையக் குறைய ஆபத்து கூடும். நிலை என்பது ஒன்று முதல் ஐந்து வரை நோயின் அளவு. இங்கே எண் கூடக் கூட ஆபத்து கூடும். இந்த இரண்டும் எதிரெதிர்த் திசையில் ஓடுவதால் புதியவர்கள் குழம்புவது இயல்பு. மூன்றாவதாக 'பிளஸ்' என்று எழுதியிருந்தால் விழித்திரையின் குழாய்கள் வீங்கி நெளிந்திருக்கின்றன என்று பொருள். 'பிளஸ்' என்ற அந்தச் சொல்லைக் கண்டால் கையிலிருக்கும் மற்ற வேலையை வைத்துவிட்டு அடுத்த வரியைப் படியுங்கள்.

அடுத்த வருகை ஒரு வாரத்திலா, இரண்டிலா, மூன்றிலா என்பது மருத்துவர் முடிவு. அதை ஒரு நாள்கூட நாமாக நீட்டக் கூடாது. "ஒன்றுமில்லை, இரண்டு வாரத்தில் வரவும்" என்ற குறிப்பைக் குடும்பம் "ஒன்றுமில்லை" என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. குழாய்கள் இன்னும் ஓரம் வரை வளர்ந்து முடியவில்லை, அதனால்தான் மீண்டும் வரச் சொல்கிறோம் என்று விளக்க வேண்டியவர் நீங்கள்.

லேசர் அல்லது ஊசி தேவை என்று எழுதப்பட்டால், 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அது நடந்தாக வேண்டும். லேசர், இரத்தம் எட்டாத ஓரப் பகுதியைச் சுட்டு, கேடு செய்யும் வளர்ச்சிக் காரணி சுரப்பதை நிறுத்துகிறது. கண்ணுக்குள் போடும் ஊசி அந்தக் காரணியை நேரடியாக முடக்குகிறது. வெளியூர் அனுப்புவதாக இருந்தால், அந்த மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைக்கு லேசர் செய்யும் மருத்துவர் அன்று இருக்கிறாரா என்று தொலைபேசியில் கேட்டு உறுதி செய்த பிறகே அனுப்புங்கள். தொப்பூர் கணவாயைத் தாண்டிச் சேலத்துக்குப் போய், அங்கே இன்றில்லை என்று கேட்டுத் திரும்பும் குடும்பம் மறுபடி கிளம்ப நான்கு நாள் ஆகும். காப்பீட்டுத் திட்ட அட்டை, குடும்ப அட்டை, டிஸ்சார்ஜ் சீட்டு மூன்றையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்தனுப்புவது என் வழக்கம்.

டிஸ்சார்ஜ்

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில், 1,350 கிராமில் பிறந்த ஒரு பெண் குழந்தை 22-ஆம் நாளில் நல்ல நிலையில் வீட்டுக்குப் போனது. சீட்டில் "கண் மருத்துவரைப் பார்க்கவும்" என்று இருந்தது. எந்த மருத்துவர், எந்த ஊர், எந்தத் தேதி என்று எதுவும் இல்லை. பெற்றோர் செங்கல் சூளையில் வேலை செய்பவர்கள். சூளை முடிந்ததும் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். நான்கு மாதம் கழித்து விளக்கு வெளிச்சத்தில் பாவைக்குள் ஏதோ வெள்ளையாகத் தெரிகிறது என்று தூக்கி வந்தபோது இரு கண்ணிலும் விழித்திரை பிரிந்திருந்தது. தாய் அந்தச் சீட்டை நான்காக மடித்து, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் பத்திரமாக வைத்திருந்தாள். அதில் இருந்தது என் கையெழுத்து.

அதனால் இப்போது நான் சீட்டில் எழுதுவது இப்படி: தேதி, கிழமை, நேரம், கட்டடம், அறை எண், "குழந்தையோடு வரவும்" என்ற சொற்கள். 'குழந்தையோடு' என்பதைச் சேர்க்காமல் விட்டால் தந்தை மட்டும் சீட்டைக் கொண்டுவந்து காட்டுவதும் நடக்கிறது. படிக்கத் தெரியாத தாயாக இருந்தால் அவருக்குத் தெரிந்த ஒன்றோடு நாளை முடிச்சுப் போடுங்கள். போச்சம்பள்ளிப் பக்கத்தவரிடம் "ஞாயிற்றுக்கிழமைச் சந்தை முடிந்து ஐந்தாம் நாள்" என்றால் மறக்காது. தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் குடும்பங்கள் பல. தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களும் உண்டு. அந்த மொழி தெரிந்த ஒருவரை, பக்கத்துத் தொட்டில் தாயாக இருந்தாலும் சரி, அழைத்துச் சொல்ல வைத்து, தாய் திருப்பிச் சொல்லும் வரை விடாதீர்கள்.

முகவரியில் ஒரு பொறி இருக்கிறது. பதிவேட்டில் இருப்பது கணவர் வீட்டு முகவரி. பிரசவமான பெண் போவதோ தாய்வீட்டுக்கு. பென்னாகரத்துக்காரர் என்று எழுதிவிட்டு நாம் பென்னாகரம் கிராம சுகாதார செவிலியரை அழைத்துக்கொண்டிருப்போம், குழந்தை அரூரில் பாட்டி வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும். "இங்கிருந்து நேராக எந்த ஊருக்குப் போகிறீர்கள்?" என்று கேட்டு, இரண்டு ஊரின் கிராம சுகாதார செவிலியருக்கும் பிக்மி எண்ணோடு (தாயின் கர்ப்பகாலப் பதிவு எண்) தகவல் கொடுங்கள். தொலைபேசி எண்ணும் ஒன்று போதாது. பெங்களூருவில் கட்டட வேலையில் இருக்கும் கணவரின் எண் ரீசார்ஜ் இல்லாமல் அணைந்துபோகும். பாட்டி அல்லது தாய்மாமன் எண்ணையும் வாங்குங்கள். வாங்கும்போதே ஒரு முறை அழைத்து மணி அடிக்கிறதா என்று பாருங்கள்.

குறித்த நாளுக்கு முந்தைய நாள் மாலை அழைக்கும்போது பெரும்பாலும் பாட்டிதான் எடுப்பார். "ஏம்மா சிஸ்டரு, பச்சப் புள்ளைய முப்பது நாளு ஆவறதுக்குள்ள எப்புடிம்மா பஸ்ல தூக்கிட்டு வர்றது? புள்ள வெளக்கப் பாத்துச் சிரிக்குதே" என்பார். முப்பது நாளுக்குள் வெளியே எடுக்கக் கூடாது என்பது வீட்டு வழக்கம். முப்பது நாளுக்குள் பார்த்தாக வேண்டும் என்பது நம் கணக்கு. இதில் பாட்டியோடு வாதாடி நான் ஒருநாளும் வென்றதில்லை. "குளிருக்குத் துணி சுற்றிக் காலை வண்டியில் வாங்க பாட்டி, உங்க பேரப் பிள்ளையை முதல் ஆளாகப் பார்த்து அனுப்பிவிடுகிறோம், நீங்களே தூக்கிட்டு வாங்க" என்று சொன்னால் வந்துவிடுகிறார்கள். சொன்னபடி முதல் ஆளாகப் பார்த்து அனுப்பவும் வேண்டும். மலையிலிருந்து வந்தவர்களைப் பிற்பகல் வரை உட்காரவைத்தால் அடுத்த வருகைக்கு நாம் எண்ணை அழுத்தியே களைத்துப்போவோம்.

பதிவேட்டுக்கு நான்கு கட்டங்கள் போதும்: வர வேண்டிய தேதி, வந்த தேதி, மருத்துவர் சொன்னது, அடுத்த தேதி. வந்த தேதிக் கட்டம் காலியாக இருந்தால் அன்று மாலையே அழைக்க வேண்டும், மறுநாள் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்ல வேண்டும்.

எப்போது பெயரை அடிப்பது

விழித்திரைக் குழாய்கள் ஓரம் வரை வளர்ந்து முடிந்தன என்றோ, நோய் முழுமையாக அடங்கிவிட்டது என்றோ மருத்துவர் எழுதும் வரை பெயரை அடிக்காதீர்கள். லேசர் ஆகிவிட்டது என்பதற்காகவும் அடிக்காதீர்கள். அது பலித்ததா என்று வாரக் கணக்கில் பார்ப்பார்கள். ஊசி போட்ட குழந்தைக்கு நோய் பல வாரம் கழித்தும் திரும்பி வரக்கூடும் என்பதால் பிஎம்ஏ 65 வாரத்தைத் தாண்டியும் கண்காணிப்பு தொடரும். அதாவது தாய் மறந்து, நாமும் மறந்த பிறகும்.

அடித்த பிறகும் ஒரு வரி பாக்கி இருக்கும். குறைமாதக் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வையும் மாறுகண்ணும் மற்றவர்களைவிடக் கூடுதலாக வருகின்றன. லேசர் செய்தவர்களுக்கு இன்னும் கூடுதலாக. ஆகவே முதல் பிறந்த நாள் மாதத்தில் ஒரு கண்ணாடிப் பரிசோதனைக்கு வரச் சொல்லி, அந்த மாதத்தையும் தாய் சேய் நல அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு பெயரின் மேல் கோடு போடலாம்.